நான்கு சங்கங்களும் ஒரு கிச்சடியும்

1

நான்கு சங்கங்கள் சேர்ந்து ஆஸ்பத்திரியில் சோறு போட ஆரம்பித்து, வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருஷம் ஆகிறது. அதற்கு ஒரு சின்ன விழா, ஒரு சின்ன மலர். "நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடும்மா, அரைப் பக்கம் போதும்" என்று கோயில் அன்னதானக் குழுவின் செயலாளர் ஆறுமுகம் அண்ணாச்சி சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரமாக நானும் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். மலரில் போடக்கூடிய மாதிரி ஒரு வார்த்தையும் வரவில்லை. வருவதெல்லாம் மலரில் போட முடியாதவை. அதனால் அவற்றை உங்களுக்கு அனுப்புகிறேன். கடல் கடந்து இருக்கிற உங்களிடம் எதையும் சொல்லலாம். நாளைக் காலை மீன் மார்க்கெட்டில் உங்களை நான் பார்க்கப் போவதில்லை.

போர்ட் பிளேரில் ஹேடோ என்கிற இடத்தில், துறைமுகக் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் இரண்டு கூரைகளுக்கு நடுவே ஒரு துண்டுக் கடலும், அதில் நிற்கிற கப்பலின் நடுப்பகுதியும் தெரியும். கப்பலுக்குத் தலை இருக்காது, வாலும் இருக்காது. மத்தியானம் கொஞ்சம் கண் அசந்து விழித்தால், நகர்வது கப்பலா என் வீடா என்று ஒரு நிமிஷம் தெரியாது. வந்த புதிதில் அந்த ஒரு நிமிஷம் பயமாக இருந்தது. இப்போது அதற்காகவே படுக்கிறேன்.

இங்கே பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். கடிகாரம் உங்களுடையது, சூரியன் எங்களுடையது. சாயங்காலம் ஐந்தரைக்கு விளக்குப் போட வேண்டும். அருப்புக்கோட்டையில் என் அக்கா அப்போதுதான் மாலை டீ குடித்துக்கொண்டு போனில் பேசுவாள். "என்னடி அதுக்குள்ள இருட்டுல உக்காந்திருக்க?" என்று இருபது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நானும் ஒவ்வொரு தடவையும் விளக்கம் சொல்கிறேன்.

2

விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தீவு தீவாக ஜனங்கள் வருவார்கள். ஒரு நாள் கப்பல், இரண்டு நாள் கப்பல். நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் சாப்பாடு உண்டு. கூட வந்தவருக்குக் கிடையாது. இந்த ஊரில் அவருக்கு உறவும் கிடையாது, அடுப்பும் கிடையாது. திரும்பிப் போகக் கப்பல் கிடைக்கிற வரை வராந்தாவில் ஒரு பாயும் ஒரு பையுமாக உட்கார்ந்திருப்பார்.

இவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகிற நல்லவர்கள் முன்பிருந்தே இருந்தார்கள். எங்கள் கோயில் குழு ஒன்று. மசூதிக் கமிட்டி ஒன்று. லம்பா லைன் பக்கம் இருக்கிற சர்ச்சின் பெண்கள் சங்கம் ஒன்று. ஷாதிபூரில் பூஜைப் பந்தல் போடுகிற பெங்காலி கிளப் ஒன்று. நான்கு பேருக்கும் மனசு பெரிசு. நான்கு பேருக்கும் லீவு கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் திருவிழாதான். ஒரு பக்கம் சாம்பார் சாதம், ஒரு பக்கம் பிரியாணி, ஒரு பக்கம் ரொட்டியும் முட்டையும், ஒரு பக்கம் மீன் குழம்பும் சோறும். சாப்பிடுகிறவர் ஒருவரே நான்கு தட்டு ஏந்தி நிற்பார். மிச்சத்தை நாயும் காக்காயும் பார்த்துக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை போனால் அதே ஆள் டீயில் பன்னை நனைத்துத் தின்றுகொண்டிருப்பார். கடைசியில் வார்டு சிஸ்டர்தான் பொறுக்க முடியாமல் சொன்னார்: "புண்ணியம் பண்றதுக்கும் ஒரு டைம் டேபிள் போடுங்கப்பா."

டைம் டேபிள் போட லம்பா லைன் சர்ச் ஹாலில் கூடினோம். நான் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை பார்ப்பவள். கடிதம் எழுதத் தெரியும் என்பதால் ஒருங்கிணைப்பாளர் என்று என்னைப் போட்டார்கள். கூட்டம் ஹிந்தியில். என் ஹிந்தி உங்களுக்குத் தெரியாது. ஆணுக்குப் பெண்பாலும் பெண்ணுக்கு ஆண்பாலும் போட்டுத்தான் இத்தனை வருஷமாகக் காலத்தை ஓட்டுகிறேன். வந்த புதிதில் கதவைத் தட்டினவரிடம், "என் வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருக்கிறாள்" என்று சொன்னவள் நான். இருந்தாலும் அன்றைக்குக் கூட்டத்தை நடத்திவிட்டேன்.

கிழமைகளைப் பிரிப்பது சுலபமாக முடிந்தது. எந்தச் சாப்பாடு என்பதில்தான் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். பெங்காலி கிளப்பின் மண்டல்தா வாயைத் திறந்தார், அண்ணாச்சியின் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார், மூடிக்கொண்டார். மசூதிக் கமிட்டி ஹமீது பாய், "கோயில்காரர்களுக்குக் கஷ்டமில்லாத எதுவானாலும் சரி" என்றார். அண்ணாச்சி, "அவங்க மனசுக்கு எது ஒத்துப்போகுமோ அது" என்றார். சர்ச் பெண்கள் சங்கத்து லில்லி ஆன்ட்டி, யாரையும் நோகடிக்காத பெண்மணி, மெதுவாக, "கிச்சடி?" என்றார்.

நீங்கள் நினைக்கிற ரவா கிச்சடி இல்லை. அரிசியும் பருப்பும் மஞ்சளும் போட்டுக் குழைய வேகவைக்கிற வடக்கத்திக் கிச்சடி. எந்த மதத்துக்கும் விரோதமில்லாதது. எந்த நாக்குக்கும் உறவுமில்லாதது. நான்கு பேரும் ஒரே சமயத்தில் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினார்கள். கால் மணி நேரத்தில் கூட்டம் முடிந்துவிட்டது. "ஏகமனதாக" என்று எழுதி அடியில் கோடு போட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

3

அருப்புக்கோட்டையில் எங்கள் பெரியப்பா கல்யாணப் பந்திகளுக்குத் தலைமை தாங்குகிறவர். பந்தியில் பரிமாற எங்களைப் பழக்கினவரும் அவர்தான். அவருடைய சட்டம் ஒன்றுதான்: கேட்டு வைக்காதே. "கூட்டு வேணுமான்னு கேட்டா, வேண்டாம்னு சொல்லுன்னு அர்த்தம். இலை காலியா இருந்தா போட்டுட்டே போகணும்." கேட்காமல் வைப்பதுதான் உபசாரம், கேட்பது கஞ்சத்தனம். உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும். கப்பலேறி வந்தபோது மூட்டை முடிச்சோடு அந்தச் சட்டத்தையும் கொண்டுவந்திருக்கிறேன்.

இன்னொரு பழக்கமும் வந்தது. யாரைப் பார்த்தாலும் "சாப்ட்டாச்சா?" என்போம். அவர்களும் "ஆச்சு" என்பார்கள். சாப்பிடாதவரும் "ஆச்சு" என்றுதான் சொல்வார். கேட்டவருக்கும் அது தெரியும். அதோடு இருவரும் நிம்மதியாகப் பிரிந்து போவார்கள்.

டைம் டேபிள் பிரமாதமாக ஓடியது. ஒரு கிழமைகூடத் தவறவில்லை. கோயில் முறை வருகிற நாட்களில் நானும் என் மகள் சுபாவும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போவோம். சுபா கல்லூரியில் இரண்டாம் வருஷம். முனகிக்கொண்டே வருவாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. தோழிகளோடு ஹிந்தி, சண்டை போட ஹிந்தி, கனவிலும் ஹிந்தி. ஒரு நாள் தூக்கத்தில் அவள் உளறியதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பாதிதான் புரிந்தது. பெற்ற பிள்ளையின் கனவைப் புரிந்துகொள்ள அகராதி தேவைப்படுகிறதே என்று அழுகை வந்தது.

4

தவமணியை மழைக்காலத்தில் பார்த்தேன். கச்சால் தீவிலிருந்து வந்தவள். தாத்தா காலத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கிளம்பி, கச்சாலில் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறின குடும்பம். இருபத்தெட்டு வயசு இருக்கும். தலைப்பிரசவம், மாசம் நிறையாத குழந்தை. ஆண் குழந்தை. கண்ணாடிக்குள், குழாய்களுக்கு நடுவில், ஒரு கை அளவுக்குக் கிடந்தது. புருஷன் கூட வந்து விட்டுவிட்டுத் திரும்பிப் போயிருந்தான். போனவனுக்கு மறுபடி வரக் கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை. அவள் தனியாக இருந்தாள்.

குழந்தைக்கு வாய் வைத்துக் குடிக்கத் தெம்பில்லை. தவமணி பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுப்பாள். சிஸ்டர் அதைக் குழாய் வழியே விடுவார். நான்கைந்து நாளாகப் பால் குறைந்துகொண்டே வருகிறது என்று சிஸ்டர் என்னிடம் சொன்னார். "எடை ஏறல. இறங்குது. தாய்ப்பால்தான் இதுக்கு இப்ப மருந்து. அவ சரியா சாப்பிடறாளான்னு பாருங்க."

பார்த்தேன் என்றுதான் நினைத்தேன். தட்டு நிறையக் கிச்சடி வைத்தேன். இன்னொரு கரண்டியும் கேட்காமல் வைத்தேன். மறுநாள் போய், "சாப்ட்டியாம்மா?" என்றேன்.

"ஆச்சுக்கா. வயிறு நெறஞ்சுதான் இருக்கு."

அவள் தட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. நான் திருப்தியோடு வந்துவிட்டேன்.

அந்தக் குழந்தைகள் வார்டின் மத்தியானம் தனி மாதிரியானது. வெளியே மழை ஊற்றும். உள்ளே சத்தமே இருக்காது. கண்ணாடிப் பெட்டிகளுக்கு மேலே நீல விளக்கு. அந்த வெளிச்சத்தில் குழந்தைகள் நீருக்கடியில் கிடக்கிற மாதிரி இருக்கும். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்தால் யாருக்கும் பேசத் தோன்றாது. தவமணி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பாள். அவள் மூச்சில் கண்ணாடி பனிக்கும், துடைப்பாள், மறுபடி பனிக்கும். அதைப் பார்த்தபடியே ஒருநாள் நான் தூங்கிப் போய்விட்டேன். விழித்தபோது எந்த ஊரில் இருக்கிறேன் என்று தெரியவில்லை. சுபாவைப் பெற்ற மதுரை ஆஸ்பத்திரி என்று நினைத்து, அம்மா எங்கே என்று தேடினேன்.

சுபா பிறந்தபோது, மூன்று நாள் கப்பலில் போய் ஊரில் பெற்றுக்கொண்டு வந்தேன். அங்கே யாரும் மரியாதை பார்க்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து சித்தி பஸ் ஏறிச் சுறா மீனோடு வந்து இறங்கினாள். "பால் சுரக்கணும்ல" என்று புட்டு செய்து, நான் முகத்தைத் திருப்பினால் தாடையைப் பிடித்து ஊட்டினாள். எனக்கு வேண்டியது வேண்டாதது எல்லாம் நான் வாய்விட்டுச் சொல்ல, கத்தலும் அழுகையுமாக அங்கே தீர்மானமாயிற்று. பெரியப்பாவின் சட்டம் பந்திக்குத்தான், பிள்ளை பெற்றவளுக்கு இல்லை என்பது தவமணிக்குப் பரிமாறியபோதும் என் மண்டையில் ஏறவில்லை.

5

சுபாதான் கண்டுபிடித்தாள். நான் மற்றவர்களுக்குப் பரிமாறுகிற நேரத்தில் அவள் தவமணியின் பக்கத்தில் உட்கார்ந்து போனில் எதையாவது காட்டிக்கொண்டிருப்பாள். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியில், காலிப் பாத்திரம் இருவருக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருக்க, சொன்னாள்:

"மம்மி, அந்த அக்கா கிச்சடி சாப்பிடறதே இல்ல. பக்கத்துப் பாயில இருக்கிற ஆன்ட்டிக்குக் குடுத்துடறாங்க. டீயும் பிஸ்கட்டும், அவ்வளவுதான்."

"என்னடி சொல்ற? போறப்பல்லாம் கேக்கறேனே. ஆச்சுங்கறாளே!"

"நீ சாப்ட்டியான்னுதான் கேக்கற. நான், 'க்யா காவோகி'ன்னு கேட்டேன். என்ன சாப்பிடறீங்கன்னு. சொல்லிட்டாங்க. சிம்பிள்." பாத்திரத்தைக் கை மாற்றிப் பிடித்தாள். "கேம்ப்ல சாப்ட்டதாம். சுனாமி கேம்ப்."

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கையில் ஒன்றும் இல்லாமல் போய் தவமணியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் அவள் பயந்துவிட்டாள்.

"குத்தமா சொல்லலக்கா. நல்ல சோறுதான். நீங்க எல்லாரும் எவ்வளவு தூரம் சுமந்து கொண்டாறீங்க. எனக்குத்தான் ஏலாது. அந்த வாசம் வந்தா தொண்டை அடைச்சுப் போகுது."

"எப்ப இருந்தும்மா?"

"அப்ப எனக்கு எட்டு வயசு. அலை வந்து, எங்களக் கப்பல்ல ஏத்தி இங்கதான் கேம்ப்ல கொண்டாந்து வெச்சாங்க. அப்பா இருந்தாரு, அம்மா இல்ல. தினம் கிச்சடிதான், காலைல, ராவுல. தட்டத் தூக்கிக்கிட்டு லைன்ல நிக்கிறப்பல்லாம் முன்னால இருக்கிற பொம்பளைங்க மொகத்தத் திருப்பித் திருப்பிப் பாப்பேன். அம்மா அந்த லைன்ல இருக்கும்னு. மாசக் கணக்கா பாத்தேன்." அவள் கண்ணாடியைத் துடைத்தாள். "இப்ப தட்டுல அது விழுந்தா, இன்னும் லைன்லயே நிக்கிற மாதிரி இருக்குக்கா. புள்ள உள்ள கெடக்கான், நான் திங்கணும்னு தெரியுது. தெரிஞ்சும் எறங்க மாட்டேங்குது."

என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. அந்த நாட்களில் நானும் கரண்டியோடு ஒரு கேம்ப்புக்குப் போயிருக்கிறேன். கல்யாணமாகி வந்து அதிக நாள் ஆகாத சமயம். நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக நின்று போட்டுக்கொண்டே போனோம். அது அவள் இருந்த கேம்ப்பா என்று தெரியாது. தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை. போட்டது கிச்சடி. அன்றைக்கும் யாரிடமும் எதையும் நான் கேட்கவில்லை.

6

இனி என்ன செய்வது என்பதில் எனக்கிருந்த பயத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கச்சாலில் பழகின மீன் சோறு ஒரு தட்டு வீட்டிலிருந்து கொண்டுபோனால் தவமணியின் பாடு தீர்ந்தது. ஆனால் வரிசையில் அவளை மாதிரி இன்னும் எத்தனை பேர் "ஆச்சு" சொல்கிறார்களோ! கூட்டத்தில் பேசி மாற்றுவது என்றாலும் பயம். நான்கு சங்கங்களை ஒன்றாகக் கட்டியிருந்த ஒரே நூல் அந்தக் கிச்சடிதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதை அறுத்தால் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். மறுபடி ஞாயிற்றுக்கிழமைத் திருவிழா, செவ்வாய்க்கிழமைப் பட்டினி. இரண்டு நாள் மனசுக்குள் வைத்துக் குமைந்தேன். அந்த இரண்டு நாளும் வீட்டிலிருந்து சோறும் குழம்பும் திருட்டுத்தனமாகக் கொண்டுபோனேன். தவமணி கொஞ்சம் சாப்பிட்டாள். எடை இறங்குவது நின்றது, ஏறவில்லை.

மூன்றாம் நாள் பஜாரில் அண்ணாச்சியின் மளிகைக் கடைக்குப் போய்விட்டேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கோபம் வந்தால் கடையில் தராசும் நடுங்கும். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் என்ற வார்த்தையை மட்டும் மெல்லச் சொன்னேன்.

அவர் கையிலிருந்த தராசுத் தட்டைக் கீழே வைத்தார். "ஏ தாயி, எங்க வீட்ல வெள்ளி செவ்வா தவிர நித்தம் மீனுதாம்மா. அவங்க மீன் கொண்டாந்தா நான் எதுக்கு வேண்டாங்கேன்? அவங்களாத்தான கிச்சடின்னாவ. சரி, ஆசைப்படுதாவ, நாம குறுக்க நிக்கப்படாதுன்னு தலையாட்டுனேன். நம்ம சாம்பார் சோத்தக்கூட விட்டுக்குடுத்தேன்!"

"அவங்க உங்களுக்காக விட்டுக்கொடுத்திருக்காங்க அண்ணாச்சி."

"எனக்காவவா?" சிரிக்கப் போகிறார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. ஒரு பொட்டலத்தை மடிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். "அப்பம் இத்தன மாசமா நாம போட்டத ஆரும் மனசாரத் திங்கலியா?" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. எங்கள் முறை நாட்களில் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து அரிசி களைகிற மனுஷர்.

அன்று சாயங்காலமே எல்லோரையும் கூட்டினார். நான்கு பேரும் ஒருவருக்காக ஒருவர் வாயைக் கட்டிக்கொண்டிருந்த கதை வெளியே வந்தது. மண்டல்தா நெற்றியில் அடித்துக்கொண்டார். "பெங்காலிக்காரன் நான், தீவில் உட்கார்ந்து மீனில்லாமல் தானம் பண்ணியிருக்கேன், என் அம்மா கேட்டால் சோறு போட மாட்டாள்" என்று ஹிந்தியில் புலம்பினார். ஹமீது பாய்க்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அண்ணாச்சி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "கோயில் பாத்திரத்துல மட்டும் வேண்டாம், பாத்துக்கிடுங்க." லில்லி ஆன்ட்டி, "என் பாத்திரம் எதுக்கு இருக்கு?" என்றார். அவரவர் நாளில் அவரவர் சமையல் என்று ஆயிற்று. முந்தின நாள் சாயங்காலம் ஒருவர் வராந்தா முழுக்கப் போய், யாருக்கு என்ன முடியும், என்ன முடியாது என்று கேட்டுக்கொண்டு வர வேண்டும் என்றும் ஆயிற்று. கேட்கிற ஆள் வெட்கப்படாத ஆளாக, தீவு ஹிந்தி சரளமாகப் பேசுகிற ஆளாக இருக்க வேண்டும். எல்லோரும் சுபாவைப் பார்த்தார்கள். அவள் தோளைக் குலுக்கி, "டீக் ஹை, சரி" என்றாள். எந்த மொழியைக் குறைக்கச் சொல்லி அவளோடு தினம் மல்லுக்கு நின்றேனோ அந்த மொழியில்தான் இப்போது தினமும் ஊருக்குப் பசி விசாரிக்கிறாள்.

மறுநாள் விடிகாலையில் மண்டல்தா துறையிலிருந்து சின்னப் பால்சுறா இரண்டு கொண்டுவந்து என் வாசலில் போட்டார். வேகவைத்து, தோல் உரித்து, உதிர்த்து, மஞ்சளும் பூண்டும் சின்ன வெங்காயமும் தாராளமாகப் போட்டுப் புட்டு செய்தேன். செய்யும்போது சித்தியின் கை என் தாடையைப் பிடிப்பது மாதிரியே இருந்தது. தவமணி முதல் வாய் மெதுவாகச் சாப்பிட்டாள். பிறகு தலையைத் தூக்காமல் சாப்பிட்டாள். தட்டு காலியானபோது கேட்காமல் வைக்கக் கை நீண்டது. நிறுத்திக்கொண்டேன்.

"இன்னும் வேணுமா தவமணி?"

"வேணுங்க்கா" என்றாள்.

அவள் எதையும் வேண்டும் என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். அடுத்த வாரம் கிண்ணத்தில் பால் அளவு கூடியது. "சுறாவால வந்த பாலாக்கும்" என்று நான் பெருமை அடித்துக்கொண்டபோது சிஸ்டர் விடவில்லை. "சுறாவும் இல்ல, மந்திரமும் இல்ல. வயிறு நெறஞ்சு, மனசு அடங்குச்சு. அவ்வளவுதான்."

7

அதற்கப்புறம் நாட்கள் எப்படிப் போயின என்று எனக்குச் சரியாக நினைவில்லை. மழையும் நீல விளக்கும் பெஞ்சும்தான் நினைவிருக்கின்றன. ஒரு நாள் குழாயை எடுத்தார்கள். ஒரு நாள் தவமணி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய், மார்புச் சூட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் அண்ணாச்சி, ஹமீது பாய், மண்டல்தா, லில்லி ஆன்ட்டி நான்கு பேரும் ஒரே ஜன்னலில் முட்டிக்கொண்டு நின்றார்கள். "கோயிலா கடைத்தெருவா இது, கொஞ்சம் தள்ளுங்க" என்று சிஸ்டர் விரட்டினார். எடை எடுக்கிற நாளென்றால் சுபாவுக்குக் கல்லூரியில் இருப்புக் கொள்ளாது. "ஏறிச்சா?" என்று ஒரு வார்த்தை தமிழில் அனுப்புவாள், இங்கிலீஷ் எழுத்தில்.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு கப்பல் டிக்கெட் படலம். குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயரில்லாத ஆளுக்கு எப்படி டிக்கெட் என்று கவுண்டரில் கேட்டார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் "தவமணியின் குழந்தை" என்று இருந்தது. அதில் வேறொரு முத்திரை வேண்டும் என்றார்கள். முத்திரை போடுகிறவர் லீவில் இருந்தார். நான்கு சங்கத்துக்காரர்களும் எனக்கு ஆள் தெரியும் என்று தனித்தனியாகக் கிளம்பி, ஒரே நாளில் ஒரே கவுண்டரில் நான்கு பேராகப் போய் நின்றார்கள். எங்களுக்கு எவ்வளவு பட்டாலும் புத்தி வராது. ஆனால் அந்தக் கூட்டத்தைப் பார்த்தே மிரண்டு டிக்கெட்டைக் கொடுத்துவிட்டார்கள் என்று ஹமீது பாய் சொல்கிறார்.

கப்பல் ஹேடோவிலிருந்தே புறப்பட்டது, காலையில். வழிக்கு நான் கட்டுச்சோறு கட்டினேன். முதல் தடவையாகக் கேட்டுத்தான் கட்டினேன். சோறும், சூரை மீன் குழம்பும், தொட்டுக்கொள்ள அப்பளமும் கேட்டிருந்தாள். தூறல். கடலும் வானமும் ஒரே நிறத்தில் இருந்தன. ஏணிப்படிக்குப் பக்கத்தில் தன் பெட்டி மேல் உட்கார்ந்து, மடியில் துணிச்சுருளுக்குள் பிள்ளையை வைத்துக்கொண்டு, "பசிக்குதுக்கா" என்று சொல்லி அங்கேயே டப்பாவைத் திறந்தாள். ஒரு வாய் வைத்தாள். மென்றாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, உப்புப் பத்தல."

"என்னம்மா?" என்றேன்.

"உப்புப் பத்தலக்கா. கொழம்புல புளியும் தூக்கலா இருக்கு. ரெண்டு நாளைக்கு இத எப்படித் திங்கறது?" என்றாள், என் சமையலை முகத்துக்கு நேரே.

இந்தத் தீவில் இத்தனை வருஷத்தில் எத்தனை வீட்டுக்கு எத்தனை கிண்ணம் கொடுத்திருப்பேன்! எல்லாக் கிண்ணமும் "பஹுத் அச்சா", ரொம்ப நன்றாக இருந்தது என்றுதான் திரும்பி வந்திருக்கிறது. என் சமையலில் குற்றம் சொல்கிறவர்கள் எல்லோரும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். ஏதோ ஒன்று என் நெஞ்சில் தளர்ந்து இறங்கியது. சந்தோஷம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். கண்ணைத் துடைக்க நேரமில்லை. கப்பலில் மணி அடித்துவிட்டார்கள்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, துறைமுகக் கேட்டுக்கு வெளியே இருக்கிற டீக்கடைக்கு ஓடினேன். "நமக் தோ, நமக்" என்று கத்தினேன். கடைக்காரன் என்னமோ ஏதோ என்று பயந்து உப்பு டப்பாவையே நீட்டினான். ஒரு கைப்பிடி அள்ளிப் பேப்பரில் மடித்துத் திரும்பி ஓடி வந்தபோது ஏணியை எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். தவமணி மேலே கம்பியோரம் நின்று, ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டியபடி, "வெரசா வாங்கக்கா!" என்று என்னை அதட்டினாள். ஏணியை இழுத்துக்கொண்டிருந்தவன் பொட்டலத்தை என்னிடமிருந்து வாங்கி மேலே வீசினான். அவள் பிடித்துவிட்டாள்.